குறட்டையும் லோரி ஓட்டுநரின் மருத்துவச் சான்றிதழும்

வீட்டில் ஒருவர் உரக்கக் குறட்டை விட்டால் நாம் சிரித்துக்கொள்வது வழக்கம். "கும்பகர்ணன் தூங்குகிறார், எழுப்பாதீர்கள்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். "பகலெல்லாம் உழைத்த களைப்பு, அசந்து தூங்குகிறார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உரத்த குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது.

மருத்துவ அறிவியல் இதற்கு நேர்மாறான செய்தியைச் சொல்கிறது. உரத்த குறட்டை விடுபவர்களில் பலர் உண்மையில் நன்றாக உறங்குவதில்லை. உறக்கத்தில் அவர்களுடைய மூச்சு நின்று நின்று வருகிறது. காலையில் எழும்போது அவர்கள் படுத்தபோது இருந்த களைப்புடனேயே எழுகிறார்கள். அப்படி எழுபவர் அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவராக இருந்தால், மதிய வேளையில் இரண்டு கொட்டாவியோடு போய்விடக்கூடும். அவரே பெரிய லோரி ஒன்றை நெடுஞ்சாலையில் ஓட்டிச் செல்பவராக இருந்தால், அவருடைய உயிரும் சாலையில் செல்லும் மற்றவர்களின் உயிரும் அந்த ஒரு நொடிக் கண் அயர்வில் தங்கியிருக்கின்றன.

இந்த நோயை ஆங்கில மருத்துவம் 'ஸ்லீப் அப்னியா' என்கிறது. தமிழில் 'உறக்க மூச்சுத்தடை' எனலாம். இந்நோய் உள்ளவருக்குக் கனரக வாகனம் ஓட்ட மருத்துவச் சான்றிதழ் கொடுக்கலாமா, கொடுப்பதானால் எந்த நிபந்தனையுடன் கொடுக்கலாம் என்பதை நீண்ட காலமாக விவாதித்து வரும் நாடு அமெரிக்கா. அந்த நாட்டின் அனுபவத்தை ஆராய்ந்து பார்த்தால் நமக்கும் பயனுள்ள பாடங்கள் கிடைக்கும்.

உறக்கத்தில் நடப்பது என்ன?

நாம் விழித்திருக்கும்போது தொண்டையைச் சுற்றியுள்ள தசைகள் விறைப்பாக இருந்து மூச்சுக் குழலுக்கு வழி விடுகின்றன. உறங்கும்போது உடலின் மற்றத் தசைகளைப் போலவே இவையும் தளர்கின்றன. பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் கழுத்துப் பகுதியில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும், தாடை சிறுத்து நாக்கு பின்னோக்கி விழுபவர்களுக்கும், உள்நாக்கும் அண்ணமும் தடித்தவர்களுக்கும் அந்த வழி குறுகிப்போகிறது. குறுகிய வழியே காற்று நுழையும்போது தசைகள் அதிர்கின்றன. அதுவே குறட்டை. வழி முற்றாக அடைபட்டுவிட்டால் குறட்டையும் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும்.

பக்கத்தில் படுத்திருப்பவர் இதை எளிதில் கவனிக்கலாம். உரத்த குறட்டை, திடீரென ஒரு மௌனம், நெஞ்சும் வயிறும் காற்றுக்காகப் போராடுதல், பிறகு திணறலோடு ஒரு பெருமூச்சு, மீண்டும் குறட்டை. மௌனமாக இருக்கும் அந்த நேரத்தில் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து உறங்குபவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. தசைகள் மீண்டும் விறைக்கின்றன, மூச்சு வருகிறது. ஆனால் எழுந்தது அவருக்கே தெரியாது. மீண்டும் உறங்கிவிடுகிறார்.

10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ மருத்துவர்கள் அதை ஒரு தடையாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் இத்தகைய தடைகள் 5 முதல் 15 வரை இருந்தால் நோய் மிதமானது. 15 முதல் 30 வரை இருந்தால் நடுத்தரம். 30-க்கு மேல் போனால் கடுமை. மணிக்கு 30 தடவை என்றால் 7 மணி நேர உறக்கத்தில் 210 தடவை ஒருவர் எழுப்பப்படுகிறார். நம்மை யாரேனும் ஓர் இரவில் 210 தடவை தட்டி எழுப்பினால் மறுநாள் நம் நிலைமை எப்படி இருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பகல் தூக்கம் மட்டுமன்றி, உயர் இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், நீரிழிவு ஆகியவற்றோடும் இந்நோய் நெருங்கிய தொடர்புடையது. மாத்திரைகள் பல சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்காதவர்களிடம் மருத்துவர்கள் குறட்டையைப் பற்றி விசாரிப்பது இதனால்தான்.

ஓட்டுநர் இருக்கையில்

நெடுந்தூர லோரி ஓட்டுநரின் வாழ்க்கை முறையே இந்நோய்க்கு இடங்கொடுப்பதாக அமைந்திருக்கிறது. நாள் முழுவதும் அமர்ந்தபடியே வேலை. சாலையோரக் கடைகளில் கிடைத்த நேரத்தில் கிடைத்த உணவு. உடற்பயிற்சிக்கு நேரம் இல்லை. உடல் பருக்கிறது, கழுத்து தடிக்கிறது. அமெரிக்க அரசின் வாகனப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ஆதரவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு ஒன்று, வர்த்தக லோரி ஓட்டுநர்களில் 28 விழுக்காட்டினருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை ஏதோ ஓர் அளவில் இந்நோய் இருப்பதாகக் கண்டது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் சரக்கோடு செல்லும் ஒரு பெரிய லோரி 80,000 இராத்தல், அதாவது சுமார் 36 டன் வரை எடை கொண்டதாக இருக்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது. ஓட்டுநர் 4 விநாடி கண் அயர்ந்தால் 110 மீட்டருக்கு அந்த வாகனத்தை ஓட்டுவார் யாருமில்லை. அது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம்.

அமெரிக்காவில் சரக்கு லோரி ஓட்டுநர்களின் வேலை நேரத்திற்குக் கடுமையான சட்டம் உண்டு. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே வேலையைத் தொடங்கலாம். அதன்பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் மட்டுமே வாகனம் ஓட்டலாம். இதைக் கண்காணிக்க லோரியிலேயே மின்னியல் பதிவுக் கருவி உண்டு. ஆனால் ஓட்டுநர் ஓய்வெடுத்த நேரத்தைத்தான் அந்தக் கருவி பதிவு செய்கிறது. அந்த 10 மணி நேரத்தில் அவர் உண்மையாக உறங்கினாரா என்பதை அது அறியாது. சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த ஒருவர்கூட, இந்நோய் இருந்தால், இரவெல்லாம் விழித்தவரைப் போலவே வேலைக்கு வருவார். ஆகவேதான் வேலை நேரச் சட்டம் மட்டும் போதாது, மருத்துவச் சான்றிதழ் முறையும் இதைக் கவனிக்க வேண்டும் என்ற வாதம் எழுந்தது.

சான்றிதழ் வழங்கும் முறை

அமெரிக்காவில் மாநில எல்லை கடந்து பெரிய வர்த்தக வாகனம் ஓட்டுபவர் மருத்துவச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்கு அது செல்லுபடியாகும். நோய் ஏதும் இருந்து கண்காணிப்புத் தேவைப்பட்டால் ஓராண்டுக்கோ அதற்கும் குறைவாகவோ தருவார்கள். 2014 மே மாதம் முதல், இதற்கெனப் பயிற்சியும் தேர்வும் முடித்துத் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற பரிசோதகர்கள் மட்டுமே இச்சான்றிதழை வழங்க முடியும்.

பரிசோதனைக்கு வரும் ஓட்டுநர் முதலில் ஒரு படிவத்தை நிரப்புகிறார். அதில் நீண்ட கேள்விப் பட்டியல் உண்டு. உறக்கக் கோளாறு, உறக்கத்தில் மூச்சு நிற்றல், பகலில் தூக்கம் வருதல், உரத்த குறட்டை ஆகியவை உண்டா என்பது ஒரு கேள்வி. உறக்கப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டது உண்டா என்பது மற்றொரு கேள்வி. பொய்யான பதில் தந்தால் சான்றிதழ் செல்லாது, தண்டனையும் வரலாம் என்று படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

பரிசோதகருக்கு வழிகாட்டும் அரசு விதியோ பொதுவானது. வாகனத்தைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்குத் தடையாக அமையக்கூடிய சுவாசக் கோளாறு அந்த ஓட்டுநருக்கு இருக்கலாகாது என்று மட்டுமே அது சொல்கிறது. யாரை உறக்கப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், எந்த அளவுக்கு மேல் சான்றிதழை நிறுத்த வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. இதனால் ஒரு பரிசோதகர் கழுத்தை அளந்து பார்த்துப் பரிசோதனைக்கு அனுப்புவார். இன்னொருவர் 'இல்லை' என்று குறித்த பதிலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டு விடுவார்.

இந்த முறையின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. கண் பார்வையைப் பரிசோதகரே அளந்துவிடலாம். இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் கருவி சொல்லிவிடும். ஆனால் உறக்கத்தில் நடப்பதை விழித்திருக்கும் மனிதரிடம் கேட்கிறார்கள். அவருக்கோ அது தெரியாது. தெரிந்திருந்தாலும், 'ஆம்' என்று ஒரு கோடு போட்டால் நாளை வேலை இருக்குமோ இராதோ என்ற பயம் அவர் கையைத் தடுக்கிறது.

இரண்டு விபத்துகள்

2000-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகே, நெடுஞ்சாலைப் பணி நடந்த இடத்தில் எச்சரிக்கை விளக்குகளுடன் சென்றுகொண்டிருந்த காவல்துறைக் கார் ஒன்றின் பின்புறத்தில் ஒரு லோரி மோதியது. காரில் இருந்த காவலர் உயிரிழந்தார். லோரி ஓட்டுநருக்கு உறக்க மூச்சுத்தடை நோய் இருந்தது. விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓட்டுநர் செயலிழந்த நிலையில் இருந்ததைச் சுட்டியதோடு நிற்கவில்லை. உடல் தகுதியற்ற ஓட்டுநரைக் கண்டுபிடித்துப் பணியிலிருந்து விலக்க மருத்துவச் சான்றிதழ் முறை தவறிவிட்டது என்பதையும் விபத்தின் காரணமாகவே அறிவித்தது. ஒரு தனி மனிதரின் தவறு என்று கோப்பை மூடிவிடாமல், முறையின் மீதே விரலை நீட்டிய தீர்ப்பு அது.

2009-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஓக்லஹோமா மாநிலத்தில், மியாமி என்ற சிற்றூருக்கு அருகே இன்னொரு விபத்து. முன்னே நடந்த ஒரு சிறு விபத்தினால் கார்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. 76 வயது ஓட்டுநர் செலுத்திய லோரி மணிக்கு சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வேகத்தைக் குறைக்காமலே அந்த வரிசைக்குள் புகுந்தது. 10 பேர் மாண்டனர். போதிய உறக்கமின்மை, நேரங்கெட்ட வேலை முறை, மிதமான உறக்க மூச்சுத்தடை ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய சோர்வே காரணம் என வாரியம் கண்டது. நோய் 'மிதமானது' என்றாலும், உறக்கக் குறைவோடு அது சேரும்போது விளைவு மிதமாக இருப்பதில்லை என்பதை இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

சட்டம் வந்த பாதை

ஜாக்சன் விபத்து நடந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் லோரி ஓட்டுநர்களுக்கு உறக்க மூச்சுத்தடைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் தனிச் சட்டம் அமெரிக்காவில் பிறக்கவில்லை.

மருத்துவ ஆலோசனைக் குழுக்கள் பல தடவை பரிந்துரை செய்தன. 2013 அக்டோபரில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. இத்தகைய பரிசோதனையை விதிப்பதானால் வெறும் வழிகாட்டிக் குறிப்பாக விதிக்கக்கூடாது, பொதுமக்களின் கருத்தைக் கேட்டு முறைப்படி விதியாக்கியே விதிக்க வேண்டும் என்றது அச்சட்டம். 2016 மார்ச்சில் லோரி, பேருந்து, இரயில் ஆகிய துறைகளுக்கும் சேர்த்து அந்த முறைப்படியான முதல் படி எடுத்து வைக்கப்பட்டது.

அதே ஆண்டு மருத்துவ ஆலோசனைக் குழு தெளிவான அளவுகளைக் கொடுத்தது. உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியீடு. அது 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் உறக்கப் பரிசோதனை அவசியம். 33 அல்லது அதற்கு மேல் இருந்து, அதனுடன் உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தடித்த கழுத்து, உரத்த குறட்டை, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்திருத்தல், 42 வயது கடந்திருத்தல் போன்ற அறிகுறிகளில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தாலும் பரிசோதனை வேண்டும். 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவர் 116 கிலோ எடை இருந்தால் குறியீடு 40. அவரே 95 கிலோ இருந்தால் ஏறக்குறைய 33.

2016 செப்டம்பர் 29-ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நிலையத்தில் ஒரு பயணிகள் இரயில் நிற்காமல் தடுப்பை மோதியது. ஒருவர் மாண்டார், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இரயில் ஓட்டியவருக்கு அதுவரை கண்டறியப்படாத கடுமையான உறக்க மூச்சுத்தடை இருந்தது பிறகு தெரியவந்தது. இனியேனும் விதி வரும் எனப் பலரும் எதிர்பார்த்தனர். ஆனால் 2017 ஆகஸ்டில், இப்போதுள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளே போதும் என்று கூறி, அரசு அந்த முயற்சியையே திரும்பப் பெற்றுக்கொண்டது. முடிவு மீண்டும் தனித்தனிப் பரிசோதகரின் கையிலும், தனித்தனி நிறுவனத்தின் கையிலும் விடப்பட்டது.

ஓட்டுநர் தரப்பு நியாயம்

விதியை எதிர்த்தவர்கள் எல்லாரும் பாதுகாப்பில் அக்கறையற்றவர்கள் என்று நாம் தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு.

சொந்தமாக ஒரே ஒரு லோரி வைத்து ஓட்டுபவருக்கு உறக்கப் பரிசோதனைச் செலவும், பரிசோதனை முடிவுக்காக வேலையை விட்டு நிற்கும் நாட்களின் வருமான இழப்பும் பெருஞ்சுமை. எடையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் நோயற்ற பருமனானவர்கள் அலைக்கழிக்கப்படுவார்கள், நோயுள்ள ஒல்லியானவர்கள் தப்பிவிடுவார்கள். பல ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டிய ஒருவரை, எடை இயந்திரத்தில் தெரியும் ஓர் எண்ணுக்காகச் சந்தேகிப்பது அவருடைய மனத்தையும் புண்படுத்தும்.

இப்படி ஒரு வழக்கும் நடந்தது. தம்மிடம் வேலை செய்யும் ஓட்டுநர்களில் உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேற்பட்டவர்கள் உறக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு லோரி நிறுவனம் கட்டளையிட்டது. நல்ல பணிச் சரித்திரம் உடைய ஓர் ஓட்டுநர் மறுத்தார். நிறுவனம் அவரை வண்டி ஓட்ட அனுமதிக்கவில்லை. அவர் உடற்குறையுள்ளோர் உரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. இதனால், அரசு விதி இல்லாவிட்டாலும் நிறுவனம் தானே இத்தகைய பரிசோதனையைக் கேட்கலாம் என்பது உறுதியாயிற்று.

சிகிச்சை பெற்றால்?

இவ்வளவு வாதங்களுக்கும் நடுவே ஓட்டுநர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். நோய் இருப்பது தெரிந்தால் தொழில் போய்விடுமா? போகாது என்பதே அமெரிக்க அனுபவம் தரும் பதில்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மருத்துவர் கோலின் சல்லிவன் 1981-இல் ஒரு சிகிச்சை முறையை வெளியிட்டார். மூக்கின் மேல் பொருத்திய மூடி வழியாக, ஒரு சிறு இயந்திரம் இலேசான அழுத்தத்துடன் காற்றை இடைவிடாமல் செலுத்தும். அந்தக் காற்றழுத்தமே தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மருந்து இல்லை, அறுவை இல்லை. இதனை 'சி-பேப்' இயந்திரம் என்பார்கள். இன்று அது கட்டில் ஓரத்தில் வைக்கும் சிறு பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. லோரியின் உறங்கும் அறையில் வாகன மின்சாரத்திலேயே இயங்கும் வகையும் உண்டு. ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களில் பலர் சில நாட்களிலேயே பகல் தூக்கம் குறைவதை உணர்கிறார்கள்.

இதன் பயன் எவ்வளவு என்பதை அமெரிக்காவின் பெரிய லோரி நிறுவனங்களில் ஒன்றான ஷ்னைடர் நிறுவனத்தின் ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வு எடுத்துக்காட்டியது. நோய் உறுதியான 1,613 ஓட்டுநர்களும், நோய் இராது எனக் கருதப்பட்ட அதே எண்ணிக்கையிலான ஓட்டுநர்களும் ஒப்பிடப்பட்டனர். முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. சிகிச்சையை அறவே மேற்கொள்ளாதவர்களிடையே, தவிர்த்திருக்கக்கூடிய கடுமையான விபத்துகளின் விகிதம் மற்றவர்களைப்போல் 5 மடங்கு இருந்தது. சிகிச்சையை ஒழுங்காக மேற்கொண்டவர்களின் விபத்து விகிதமோ நோயற்றவர்களுடையதைப் போலவே இருந்தது.

ஆகவே ஆபத்து நோயில் இருப்பதைக் காட்டிலும் நோயைக் கவனியாமல் விடுவதில்தான் இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் வேறொன்றையும் சுட்டிக்காட்டினார்கள். சிகிச்சைக்கு இணங்காமல் வேலையை விட்டுப் போகும் ஓட்டுநர், நோயைச் சொல்லாமல் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்து ஓட்ட முடியும். பொது விதி இல்லாததன் பலன் இது.

இயந்திரத்திலேயே பதிவும் உண்டு. எத்தனை இரவு, எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்பதை அது குறித்து வைத்துக்கொள்ளும். 70 விழுக்காடு இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் பயன்படுத்தியிருப்பது குறைந்தபட்ச அளவாகப் பொதுவில் கொள்ளப்படுகிறது. அந்தப் பதிவைக் காட்டினால் பரிசோதகர் வழக்கமாக ஓராண்டுச் சான்றிதழ் தந்து, அடுத்த ஆண்டு மீண்டும் பார்ப்பார். முதலில் மூடி உறுத்தும், மூக்கு வறளும், பழகச் சில வாரங்கள் பிடிக்கும். பலர் இந்தக் கட்டத்தில் கைவிட்டு விடுகிறார்கள். பொறுமையோடு மூடியின் அளவையும் வகையையும் மாற்றிப் பார்த்தால் பெரும்பாலோருக்குப் பழகிப்போகிறது.

எடையைக் குறைத்தல், ஒருக்களித்துப் படுத்தல், இரவில் மதுவைத் தவிர்த்தல், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் பற்கருவி அணிதல் ஆகியவையும் நோயின் அளவைப் பொறுத்துப் பயன் தரும். 2024 டிசம்பரில், உடற்பருமன் உள்ளவர்களின் நடுத்தர, கடுமையான உறக்க மூச்சுத்தடைக்கு டிர்செபடைட் என்ற ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் அனுமதித்தது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவின் வழி

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியைப் பின்பற்றியது. 2014-இல் பிறப்பித்த ஆணையின்படி, நடுத்தர அல்லது கடுமையான உறக்க மூச்சுத்தடையுடன் பகலில் மிகுந்த தூக்கமும் உள்ளவர் எனச் சந்தேகிக்கப்படும் ஓட்டுநர், உரிமம் பெறவோ புதுப்பிக்கவோ வரும்போது மருத்துவ ஆலோசனைக்கு அனுப்பப்பட வேண்டும். நோய் உறுதியாகும் வரை ஓட்ட வேண்டாம் என்று அவருக்கு அறிவுரை கூறலாம். நோய் கட்டுக்குள் இருக்கிறது, சிகிச்சையை ஒழுங்காக மேற்கொள்கிறார், தூக்கக் கலக்கம் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சான்று கூறினால் உரிமம் தரலாம். அதன்பின் சாதாரண வாகனம் ஓட்டுபவர் 3 ஆண்டுக்குள்ளும், லோரி, பேருந்து ஓட்டுபவர் ஓராண்டுக்குள்ளும் மறுபரிசோதனைக்கு வர வேண்டும். ஓட்டுநரைத் தண்டிக்காமல், சிகிச்சை அளித்து வேலைக்குத் திருப்பி அனுப்புவதே இந்த முறையின் உட்கருத்து.

நம் இல்லங்களில்

இந்நாட்டில் நம்மவர்களில் லோரி, பேருந்து, டாக்சி ஓட்டிப் பிழைப்பவர் பலர். ஓட்டுநர் ஒருவர்கூட இல்லாத உறவு வட்டம் நம்மிடையே அரிது. இங்கும் தொழில் முறை ஓட்டுநர் உரிமத்திற்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ஆனால் எந்த நாட்டின் படிவமானாலும், அது கேட்பது உறங்கியவரைத்தான். உண்மையை அறிந்தவர் அவர் பக்கத்தில் விழித்துக் கிடந்த மனைவி. பரிசோதனை அறைக்குள் அவரை யாரும் அழைப்பதில்லை. அமெரிக்க அனுபவத்தில் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்று தோன்றுகிறது.

அமெரிக்க எண்களை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே கேடு தொடங்கிவிடுவதால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 என்ற குறியீடுகளை எச்சரிக்கைப் படிகளாகக் கொடுத்திருக்கிறது. முக எலும்பின் அமைப்பினால், பருமன் இல்லாத ஆசியர்களுக்கும் உறக்க மூச்சுத்தடை வருவதுண்டு. 'அவர் ஒல்லியானவர்தானே' என்று அலட்சியமாக இருந்துவிடக்கூடாது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இவை:

1. அறைக் கதவைத் தாண்டிக் கேட்கும் உரத்த குறட்டை.
2. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று, பிறகு திணறலோடு வருதல்.
3. காலையில் தலைவலி, வாய் வறட்சி, எழுந்ததும் களைப்பு.
4. தொலைக்காட்சி பார்க்கும்போதும், சாப்பிட்டு உட்கார்ந்ததும், சாலை விளக்கில் நிற்கும்போதும் கண் அயர்தல்.
5. கழுத்தின் சுற்றளவு ஆணுக்கு 17 அங்குலத்திற்கு மேல் இருத்தல்.
6. மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம்.
7. எரிச்சல், மறதி, வேலையில் கவனக் குறைவு.

இவற்றில் இரண்டு மூன்று இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முக்கியமாக, மனைவியும் உடன் செல்ல வேண்டும். "என்னங்க, ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது" என்று அவர் வீட்டில் சொன்னால், "நீ தூங்காம என்ன பண்ற?" என்று பதில் வருவது இயல்பு. அதே வார்த்தையை மருத்துவர் முன்னிலையில் சொன்னால் அது சான்றாகிறது. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடம் குறட்டையைப் பதிவு செய்து எடுத்துச் சென்றாலும் பயன்படும். இப்போது வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய எளிய உறக்கப் பரிசோதனைக் கருவிகளும் உண்டு. எல்லாருமே மருத்துவமனையில் இரவு தங்க வேண்டும் என்பதில்லை.

லோரி முதலாளிகளாக இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நோய் இருப்பதை ஒப்புக்கொண்ட ஓட்டுநரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அடுத்தவர் யாரும் வாய் திறக்கமாட்டார். சிகிச்சை முடியும் வரை வேறு வேலை கொடுத்து, தேறியதும் பழைய வேலைக்கு அழைத்துக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், உண்மை தானே வெளிவரும். ஒரு சி-பேப் இயந்திரத்தின் விலை, ஒரு விபத்தின் விலைக்கு முன் எம்மாத்திரம்?

மருத்துவச் சான்றிதழ் என்பது ஓட்டுநரின் பிழைப்பைப் பறிக்க வந்த தாளன்று. அவரைச் சாலையிலிருந்து பத்திரமாக வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் தாளாக அதை ஆக்குவது, படிவத்தை நிரப்புபவரின் நேர்மையிலும், பரிசோதிப்பவரின் அக்கறையிலும், வேலை கொடுப்பவரின் பெருந்தன்மையிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றிரவு நம் வீட்டில் குறட்டைச் சத்தம் கேட்டால், சிரிப்பதற்கு முன் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்போம். இடையில் அது நிற்கிறதா என்று கவனிப்போம்.